பாட்டிலில் விழுந்த கொசு

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு. என் மகனுக்கு 4 வயது. லிக்விட் மெஷின் நுரையீரலைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, மூலிகை கொசு ஊதுபத்திக்கு மாறினோம். பாட்டிலில் கொசுக்களைப் பிடித்துப் புகை காட்டினேன், 10 நிமிடத்தில் விழுந்துவிட்டன. ஆனால் பிள்ளை ராத்திரி இருமுகிறான். காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன். இது போதுமா டாக்டர்?
- ஒரு தாய், கடலூர்

பதில்: அந்த சிரப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள் அம்மா. டெங்குவாக இருந்தால் இபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ற அளவு கேட்டுக் கொடுங்கள்.

கொசு விழுவது வேறு, சாவது வேறு. மருந்து தோய்த்த கொசுவலையைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையில், கூம்புக்குள் விட்ட கொசுக்களை 3 நிமிடம் வலைமேல் வைப்பார்கள். 60 நிமிடம் கழித்து விழுந்தவற்றை எண்ணுவார்கள். அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வைத்திருந்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். விழுந்த கொசு எழுந்து பறந்துவிடலாம் என்பதால்தான் இந்த இரண்டாவது கணக்கு. மருந்தில்லாத வலையிலும் அதே மாதிரிக் கொசுக்களை வைப்பார்கள். அங்கேயே நிறைய செத்தால் அந்தச் சோதனை செல்லாது. உங்கள் பாட்டிலில் இந்த ஒப்பீடு இல்லை. மூடிய பாட்டிலில் வெறும் புகைக்கே கொசு மயங்கும், காற்றோட்டமான அறையில் அப்படி நடக்காது.

ஊதுபத்தியை இன்றே நிறுத்துங்கள். இருமலுக்குப் புகையே காரணம் என்றால் சில நாளில் அடங்கும், அடங்காவிட்டால் காட்டுங்கள். மூலிகை என்று விற்ற ஊதுபத்திகளில் அனுமதியில்லாத பூச்சிக்கொல்லி இருந்தது நம் நாட்டிலேயே பிடிபட்டிருக்கிறது. எதை வாங்கினாலும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். லிக்விட் மெஷினிலும் அந்த எண் இருந்தால், படுக்கையிலிருந்து தள்ளி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். வீடியோவை விடுங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

உங்கள் உண்மையான பயம் டெங்கு. அதில் நான் பயப்படுவது காய்ச்சல் இறங்கும் நாளைப் பார்த்துத்தான். உடம்பு குளிர்ந்ததும் 'சரியாயிடுச்சு' என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து 3 முதல் 7 நாளுக்குள் வரும் அந்தக் கட்டத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலிக்கிறது என்று அழுதாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ விடியும்வரை பார்க்க வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.