வாழைக்கு விதை எங்கே?

கேள்வி: மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ரஸ்தாளிக் கன்று எங்கள் கொல்லையில் தார் போட்டிருக்கிறது. அதே மணம், அதே ருசி. விதையே இல்லாத வாழை எப்படி மாறாமல் வருகிறது? தயிருக்கு ஊற்றும் உறைமோரும் இப்படித்தானா என்று மகள் கேட்கிறாள்.
- ஒரு வாசகி, லால்குடி

பதில்: உங்கள் கொல்லையில் நிற்பது மாமியார் வீட்டு வாழையேதான் அம்மா. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

பழத்தை நறுக்கினால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியுமே, அவை விதையாகாமல் நின்றுபோனவை. பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் குரோமோசோம் நமக்கு இரண்டு தொகுதி, ரஸ்தாளிக்கு மூன்று. தொகுதிக்கு 11, ஆக 33. அதைச் சரிபாதியாகப் பங்கு போட முடியாமல் மகரந்தமும் சூலும் மலடாகிவிடுகின்றன. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழம் மட்டும் சதைபிடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவில் நிற்கும் கல்வாழை நேர் எதிர்: பக்கக்கன்றே விடாது, பழம் முழுக்கக் கொட்டை.

பத்து வயதில், அகலமாக இலை விட்ட ஒரு கன்றை ஆசையாக அப்பாவிடம் காட்டினேன். "அது நீர்க்கன்றுடா. பார்க்கத் தளதளன்னு இருக்கும், தார் சிறுத்துடும்" என்று சொல்லிவிட்டு, ஒடுங்கிய இலையோடு நின்ற ஊசிக்கன்றின் அடியில் கடப்பாரையை இறக்கினார். காரணம் கல்லூரியில்தான் புரிந்தது. ஊசிக்கன்று தாய்க்கிழங்கோடு நன்றாக ஒட்டி, அதன் சத்தை உறிஞ்சிக் கொழுக்கிறது. நீர்க்கன்றுக்கு அந்த ஒட்டு பலமில்லை. அதனால்தான் அவசரமாக இலையை விரித்துத் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்கிறது.

விதையில்லாமல் தாய்க்கிழங்கிலிருந்தே கிளைக்கும் கன்றுகள் எல்லாம் ஒரே அச்சு என்பதால், ஒன்று தாங்காத நோயை மற்றதும் தாங்காது. 1950களில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. ரஸ்தாளிக்கும் அந்த நோய் ஆகாது. இலை மஞ்சளடித்துத் தண்டு வெடித்த மரத்தில் கன்று எடுக்காதீர்கள். கிழங்கைச் சீவும்போது செம்பழுப்புக் கோடு தெரிந்தாலும் நடாதீர்கள்.

மகளிடம் 'ஆமாம்' என்று சொல்லுங்கள். தயிர் பாக்டீரியா ஒவ்வொன்றும் நீண்டு, நடுவில் இரண்டாகப் பிரியும். அரை மணிக்கு ஒருமுறை பிரிந்தால், பத்து மணி நேரத்தில் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் புளிப்பு ஏற ஏற அவை சோர்ந்துபோகும். போன வாரத்து மோரை உறை ஊற்றிவிட்டு, தயிர் தோயவில்லை என்று பால்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.