குன்னூரில் பழைய கேமிங் லேப்டாப், வாங்கலாமா?
தம்பி, குன்னூரில் கிடைக்கும் ஐ5 ஒன்பதாம் தலைமுறை பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை வாங்கி, ரேமும் கிராபிக்ஸ் கார்டும் மாற்றிக் கோவை கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராபிக்ஸ் கார்டை மறந்துவிடுங்கள். அது மதர்போர்டோடு சால்டர் செய்தது, மாற்ற வராது.

குன்னூர்க் குளிரில் எந்த லேப்டாப்பும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். கோவை ஏப்ரலில்தான் அதன் குணம் தெரியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, சார்ஜரில் போட்டு, அரை மணி நேரம் கேம் ஓடவிடுங்கள். அங்கேயே பிராசசர் 95 டிகிரியைத் தொட்டால் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் பிராசசர் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்ற, ஃபேன் சுத்தம் செய்ய ஆகும் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோத்தகிரியில் நான் வாங்கியதில் திருகாணித் தலையெல்லாம் துரு, ரேம் ஸ்லாட் ஓரத்தில் பச்சைப் பூப்பு. மூடுபனி ஈரம் செய்த வேலை. பளபளவென்று துடைத்த மேல்மூடியைப் பார்த்து ஏமாந்தேன்.

உள்ளே சுத்தமாக இருந்து, ரேம் ஒரே குச்சியாக இருந்தால், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் போடுங்கள். டூயல் சேனல் ஆனதும், அதாவது இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கியதும், கேமில் திக்கித் திணறுவது நன்றாகக் குறையும். விண்டோஸ் 11 பற்றிக் கவலை வேண்டாம், எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்தே ஓடும்.