ஆற்காட்டில் நவாப் காலத்து மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

கேள்வி: அப்பாவின் பரிசோதனைக்காக வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறோம். ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகுமாம். எட்டாவது படிக்கும் மகன், நவாபின் தலைநகரமான ஆற்காட்டைப் பார்த்தே ஆகணும் என்கிறான். அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எங்கே தங்கலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாயம் கூட்டிப் போங்கள். வேலூர் வருகிறவர்கள் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள், இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஆற்காட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

அரண்மனை, கோட்டை என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாலாற்றங்கரையில் பழைய கோட்டையின் வாசலான டெல்லி கேட் நிற்கிறது, அது ஒன்றே போதும். 1751-இல் ராபர்ட் கிளைவ் சில நூறு பேரோடு ஆற்காட்டைப் பிடித்து, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வந்து வளைத்துக்கொண்ட பிறகும் சுமார் ஐம்பது நாள் தாக்குப்பிடித்தது இந்தக் கோட்டைக்குள்தான். வளைவுக்கு அடியில் நின்று மேலே இருக்கும் அறையைக் காட்டி இதைச் சொல்லுங்கள், பையனுக்குப் பாடம் மறக்காது. அப்படியே திப்பு அவுலியா தர்காவுக்கும் போய் வாருங்கள். ஹைதர் அலி தன் மகனுக்குத் திப்பு என்று பெயர் வைத்தது இந்த மகானின் நினைவாகத்தான்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் மக்கன் பேடா வாங்குங்கள். பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், ஆனால் கொஞ்சம் தட்டையாக, பிட்டால் உள்ளே முந்திரி, திராட்சை என்று தட்டுப்படும். ஜீராவில் நன்றாக ஊறியதாகப் பார்த்துக் கேளுங்கள்.

ஆற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்குராஜனோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக, தேசிங்கை வென்ற நவாப் சாதத்துல்லா கானே உண்டாக்கிய ஊர் என்பார்கள்.

மறுநாள் வேலூர்க் கோட்டை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-இல்தான் மறுபடி லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கிய கோயில் இது.

சரி, தங்குவது. சி.எம்.சி. எதிரே காந்தி ரோட்டிலும் பக்கத்துத் தெருக்களிலும் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை, பெங்காலியில் போர்டு மாட்டிய மெஸ்கூட உண்டு. விடியற்காலையில் எழுந்து வரிசைக்கு ஓட வேண்டிய நோயாளிகளுக்கான இடம் அது. பரிசோதனை நாளன்று உங்களுக்கும் அங்கேதான் வசதி, அப்பாவை நடக்கவைக்க வேண்டாம். அது முடிந்ததும் தயவுசெய்து அறையைக் காலி செய்துவிட்டு புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ காட்பாடிக்கோ மாறிவிடுங்கள். எங்கோ அஸ்ஸாமிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்த அறை கிடைக்கட்டும். உங்களுக்கும் ஆற்காடு பஸ் பிடிக்க, ஊர் திரும்ப ரயிலேற அதுவே சுலபம். ஒருவேளை பரிசோதனை சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்தில் என்று எழுதியிருந்தால் வேலூருக்கே வர வேண்டாம், அது ரத்தினகிரி பக்கம், ஆற்காட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். அப்பாயின்ட்மென்ட் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு அறை போடுங்கள்.