திரையில் இரண்டு நொடி ஓடிய கார் எந்த வருஷத்தது?

வாசகர் கேள்வி: பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் டிவி தொடர்களையும் படங்களையும் விரும்பிப் பார்ப்பவன் நான். அவற்றில் வரும் வின்டேஜ் கார்களைக் குறித்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் ‘ஃபோர்டு மாதிரி இருக்கிறது’ என்பதைத் தாண்ட முடியவில்லை. கறுப்பு வெள்ளையில் எல்லாக் காரும் ஒரே சாயலில் தெரிகிறது. கம்பெனிச் சின்னம் கண்ணில் படுவதற்குள் கார் போய்விடுகிறது. மாடலையும் வருஷத்தையும் கண்டுபிடிக்க ஏதாவது முறை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் தலைகீழாகத் தொடங்குகிறீர்கள். முதலில் பெயர், பிறகு வருஷம் என்று போகிறீர்கள். முதலில் வருஷத்தை மடக்குங்கள், பெயர் தானாக வந்து மாட்டும். பெயர் கட்டைவிரல் அளவுச் சின்னத்தில் இருக்கிறது. வருஷமோ விளக்கில், கண்ணாடியில், பம்பரில் என்று கார் முழுக்க எழுதியிருக்கிறது. இந்த விஷயங்களில் எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாறின. சில மாற்றங்கள் ஃபேஷனால் வந்தவை, சில சட்டத்தால் வந்தவை. மூன்று நான்கு வருஷத்துக்குள் காரை அடக்கிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மாடல்கள் ஒரு கை எண்ணிக்கைக்குள் வந்துவிடும்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வின்டேஜ்’ என்பதை நாம் எல்லாப் பழைய காருக்கும் சொல்கிறோம். பிரிட்டனில் 1934ல் தொடங்கப்பட்ட வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்குப்படி 1930 முடிய வந்தவைதான் வின்டேஜ். அதற்குப் பிந்தையவற்றைப் பொதுவாக ‘கிளாசிக்’ என்பார்கள். நான் இதில் கறார் பார்ப்பதில்லை. ஆனால் ஆர்வலர்களிடம் 1957 ஷெவர்லேயை வின்டேஜ் என்று சொன்னால், காரை விட்டுவிட்டுச் சொல்லுக்காகச் சண்டை பிடிப்பார்கள்.

இனி ஹெட்லைட். மட்கார்டில் புதையாமல், தனியாகக் கிண்ணம் போல நிற்கும் விளக்கு என்றால் பெரும்பாலும் முப்பதுகளின் கார் அல்லது அதற்கு முந்தையது. 1940 மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு 7 அங்குல வட்ட ‘சீல்டு பீம்’ விளக்கு, அதாவது கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய விளக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வட்டம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள் 1957ல் சில கார்களில் தலைகாட்டி, 1958ல் பெரிய அமெரிக்கக் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஏறிவிட்டன. செவ்வக விளக்குக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1975 மாடல்களிலிருந்து.

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். நான்கு விளக்கு இருந்தால் ‘1957க்கு முந்தையது அல்ல’ என்று அடித்துச் சொல்லலாம். இரண்டு விளக்கு இருந்தால் ‘1957க்குப் பிந்தையது அல்ல’ என்று சொல்ல முடியாது. 1968 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்குக்கும் இரண்டு விளக்குதான், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்குக் கடைசிவரை இரண்டுதான். புதிதாக வந்த ஒரு பாகம் கீழ் எல்லையைக் காட்டும். அது இல்லாதது மேல் எல்லையைக் காட்டாது.

விதிவிலக்கு, சட்டம் கட்டாயமாக்கிய பாகங்கள். அவை இரண்டு எல்லையையும் காட்டும். அதனால் எனக்கு மிகப் பிடித்த துப்பு, காரின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சின்ன விளக்கு. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கத் தயாரான கார்களுக்குப் பக்கவாட்டு விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம், 1970லிருந்து இரண்டுமே கட்டாயம். 1967, 1968 மஸ்டாங்குகளின் உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கவாட்டில் அந்தச் சின்னப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நொடியில் முடிந்தது. ‘புல்லிட்’ படத்தில் துரத்தும் மஸ்டாங்கும், துரத்தப்படும் டாட்ஜ் சார்ஜரும் 1968 மாடல்கள். அந்தச் சார்ஜரில் பக்கவாட்டு விளக்கு வட்டம், பின்விளக்கும் வட்ட வட்டமாக இருக்கும். 1969 சார்ஜரில் பக்கவாட்டு விளக்கு செவ்வகம், பின்விளக்கு நீளப் பட்டை, முன் கிரில்லின் (காரின் மூக்கில் காற்றுப் போக வைத்த சட்டத்தின்) நடுவே ஒரு பிரிவு. ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹஸ்ஸார்ட்’ தொடரில் பறந்து பறந்து விழும் ஆரஞ்சு நிறக் கார் 1969 சார்ஜர் என்பதுதான் கதை. ஒவ்வொரு தாவலிலும் கார் நொறுங்கியதால் 1968, 1970 சார்ஜர்களையும் கிரில்லும் பின்விளக்கும் மாற்றி வேஷம் கட்டி இறக்கினார்கள். ஆக, ஒரே எபிசோடில் ‘ஒரே கார்’ இரண்டு வருஷத்துக் காராக இருந்தால் உங்கள் கண்ணைச் சந்தேகிக்காதீர்கள்.

இதே வகையில் பம்பர். 1973ல் முன்பக்கமும் 1974ல் பின்பக்கமும் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதி வந்தது. மெல்லிய குரோமியப் பட்டையாக இருந்த பம்பர் திடீரென்று தடித்து, உடம்பை விட்டு வெளியே தள்ளி நிற்கும். அமெரிக்காவுக்கு அனுப்பிய ஐரோப்பியக் கார்களும் இதற்குத் தப்பவில்லை. அழகான கார்கள் பல் துருத்திக்கொண்டு வந்த காலம் அது.

கண்ணாடியையும் மறக்காதீர்கள். நடுவில் தண்டு வைத்த இரண்டு துண்டு முன்கண்ணாடி நாற்பதுகளோடு மங்கி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் மறைந்தது. 1954, 55ல் இரு ஓரமும் பக்கவாட்டுக்கு வளைந்து சுற்றும் கண்ணாடி பரவியது. அந்தக் கார்களில் முன் கதவோரத் தூண் நாய்க்கால் போல மடங்கியிருக்கும், ஏறி இறங்கும்போது முழங்கால் இடிக்கும். நடிகர் காரிலிருந்து இறங்கும் காட்சியில் அந்த மடிப்பு பளிச்சென்று தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் அதுவும் போய்விட்டது. காரின் பின் ஓரங்களில் நிமிர்ந்து நிற்கும் வால் இறக்கை 1948 காடிலாக்கில் சின்ன மொட்டாக முளைத்து, 1959ல் உச்சத்துக்குப் போய், பிறகு வருஷத்துக்கு வருஷம் குறுகியது. இறக்கையின் உயரத்தை வைத்தே வருஷத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஒரு காலத்தில் மட்டும் இந்த வித்தை எடுபடாது. போருக்காக அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது, 1945ல்தான் மறுபடி தொடங்கியது. புதிதாக வடிவமைக்க நேரமில்லாததால் பெரும்பாலான கம்பெனிகள் 1942 மாடலையே கிரில்லை மாற்றி 1946, 47, 48 என்று விற்றன. இந்த மூன்று வருஷத்துக் கார்களைத் திரையில் பிரிப்பது பெரும்பாலும் வீண் வேலை. ‘1946–48’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

வருஷம் மடங்கிய பிறகுதான் கம்பெனி. பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் இருந்தால் ப்யூக், 1949லிருந்து. பானெட் நடுவே குரோமியப் பட்டைகள் ஓடினால் பான்டியாக், 1935 முதல் 1956 வரை. மூக்கில் துப்பாக்கிக் குண்டு பதித்தது போல இருந்தால் 1950 அல்லது 51 ஸ்டூடிபேக்கர். கிரில் நடுவில் செங்குத்தாகக் குதிரை லாடம் போல இருந்தால் 1958 அல்லது 59 எட்செல், தப்பவே தப்பாது. ஃபோர்டு என்று சந்தேகமிருந்தால் காரின் பின்னால் பாருங்கள். 1952 முதல் 1957 வரை அதற்கு வட்டப் பின்விளக்கு. முகத்தைவிடப் பின்புறம்தான் நம்பகமானது. படங்களில் கார் வருவதைவிடப் போவதைத்தான் கேமரா அதிக நேரம் காட்டும்.

ஐரோப்பியக் கார்கள் வேறு சங்கதி. அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் முகத்தை மாற்றினார்கள். ஐரோப்பாவில் ஒரே உருவத்தைப் பத்து, இருபது வருஷம் ஓட்டினார்கள், அதனால் சில்லறை விஷயங்களைத்தான் பிடிக்க வேண்டும். பீட்டிலின் பின்கண்ணாடி 1953 தொடக்கம் வரை இரண்டு துண்டு, பிறகு முட்டை வடிவ ஒற்றைத் துண்டு, 1958 மாடலிலிருந்து அகலமான செவ்வகம். மினியின் கதவுக் கீல் வெளியே தெரிந்தால் அறுபதுகளின் பழைய மினி. ஜாகுவார் ஈ-டைப்பில் ஹெட்லைட் கண்ணாடி மூடிக்குள் இருந்தால் தொடக்க காலத்தது, மூடியில்லாமல் இருந்தால் அறுபதுகளின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோ.

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜீப்பைக் கவனிப்பது தனி சுகம். போர்க்காலத்து வில்லீஸ், ஃபோர்டு ஜீப்புகளின் தகட்டு கிரில்லில் ஒன்பது பிளவுகள். 1945ல் வந்த சிவிலியன் ஜீப்பில் ஏழுதான், ஹெட்லைட்டும் பெரிதாக முன்னால் துருத்தி நிற்கும், பின்னால் திறக்கும் கதவும் உண்டு. பானெட்டின் ஓரம் உருண்டிருந்தால் அது ஐம்பதுகளின் ராணுவ ஜீப். நார்மண்டிக் கடற்கரையில் ஏழு பிளவு ஜீப் இறங்கினால், அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதைப் பச்சை அடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கார் திரைக்கு எப்படி வந்தது என்று தெரிந்தாலும் பாதி வேலை முடியும். அமெரிக்கத் தொடர்களுக்குக் கார் கம்பெனிகளே வண்டி கொடுத்தன. ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வின் ஷெரீஃப் ஃபோர்டில்தான் வருவார், சீசன் மாற மாற காரும் புதிய மாடலாக மாறும். ‘ரூட் 66’ல் ஊர் ஊராகச் சுற்றும் இரண்டு இளைஞர்களுக்கு வருஷந்தோறும் புதிய கார்வெட் எப்படிக் கிடைக்கிறது என்று கதையில் யாரும் விளக்குவதில்லை. கார் கொடுத்தது யார் என்பது பெரும்பாலும் கடைசி டைட்டிலில் வரும், அதை ஓடவிட்டுவிடாதீர்கள். தொடரில் தெரிந்த முகங்கள் எல்லாம் ஒரே கம்பெனிக் காரிலேயே வந்தால், சந்தேகமான காரும் அதே கம்பெனியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று: அமெரிக்காவில் அடுத்த வருஷ மாடல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1957 டிசம்பரில் ஒளிபரப்பான எபிசோடில் 1958 கார் ஓடினால் தவறில்லை.

உண்மையிலேயே பழைய படமா, பழைய காலத்தைக் காட்டும் பிந்தைய படமா என்பதையும் தெருவே சொல்லிவிடும். 1957ல் எடுத்த படத்தின் தெருவில் பத்து வருஷப் பழைய, அழுக்கேறிய, மட்கார்டு நசுங்கிய கார்களும் நிற்கும். பின்னாளில் 1957ஐக் காட்டப் போட்ட செட்டில் எல்லாக் காரும் 1955, 56, 57 ஆகவே இருக்கும், எல்லாம் பளபளக்கும். சேகரிப்பவர்கள் வீட்டிலிருந்து வாடகைக்கு வந்தவை, வேறெப்படி இருக்கும்?

எடிட்டிங் மேஜையில் நடக்கும் ஏமாற்றும் உண்டு. காருக்குள் பேசும் காட்சியை ஸ்டூடியோவில் திரைக்கு முன் எடுப்பார்கள். வெளியே ஓடும் கார் ஒன்று, உள்ளே ஸ்டியரிங் வேறொன்று. விபத்துக் காட்சிக்கு ஏதோ ஒரு பழைய படத்தின் துண்டை ஒட்டுவார்கள், மலையிலிருந்து உருளும்போது கார் ஐந்து வயது கூடிவிடும். ஃபிலிமைப் புரட்டிப் போட்டால் ஸ்டியரிங் பக்கம் மாறும், கடைப் பலகை எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறும். ‘புல்லிட்’டின் துரத்தலில் ஒரே பச்சைப் பீட்டிலைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள். சார்ஜரிலிருந்து தெறித்து விழும் வீல் கப்களை எண்ணினால் காரில் இருக்கக்கூடிய நான்கைத் தாண்டும்.

நம்பர் பிளேட்டை அளவோடு நம்புங்கள். பிரிட்டனில் 1963 முதல் 1983 வரை எண்ணின் கடைசி எழுத்து வருஷத்தைக் காட்டியது. ஏ என்றால் 1963, பி என்றால் 1964. ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் ஆஸ்டன் மார்ட்டினில் பி.எம்.டி. 216 ஏ என்று இருக்கும். ஆனால் ‘தி செயின்ட்’ தொடரின் வெள்ளை வால்வோவில் எஸ்.டி. 1 என்றிருப்பது கதாநாயகனுக்காகப் போட்டது. கலிஃபோர்னியாவில் 1956லிருந்து மஞ்சளில் கறுப்பு எழுத்து, 1963லிருந்து கறுப்பில் மஞ்சள் எழுத்து. கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட எது வெளிர், எது அடர் என்று தெரியுமே, அது போதும்.

செய்முறை சுருக்கமாக: காட்சியை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். அதே கார் அந்தப் படத்தில் வேறெங்காவது மெதுவாக வருகிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் வரும். தெளிவான ஃபிரேமைச் சேமித்து, நீங்கள் மடக்கிய மூன்று வருஷத்து விளம்பரப் படங்களோடு பின்விளக்கை மட்டும் ஒப்பிடுங்கள். படத்தை ஏற்றினால் பெயர் சொல்லும் செயலிகள் கம்பெனியை ஓரளவு சரியாகச் சொன்னாலும் வருஷத்தில் தயங்காமல் தப்புச் சொல்லும். கடைசியாகத்தான் ஐ.எம்.சி.டி.பி. (இன்டர்நெட் மூவி கார்ஸ் டேட்டாபேஸ்) தளத்தில் படத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஆர்வலர்கள் ஃபிரேம் ஃபிரேமாகப் பட்டியலிட்டிருப்பார்கள். முதலிலேயே அங்கே போனால் விடை கிடைக்கும், கண் பழகாது.

பழக ஆரம்பிக்க, 1955க்கும் 1960க்கும் இடையே தெருவில் எடுத்த ஏதாவது ஒரு துப்பறியும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சைக்கோ’ நல்ல தொடக்கம். பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண் வழியில் காரை மாற்றுகிறாள். முதலாவது 1956 ஃபோர்டு, இரண்டாவது 1957 ஃபோர்டு. ஒரே கம்பெனி, ஒரு வருஷ வித்தியாசம். இரண்டையும் நிறுத்தி வைத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். முன்கண்ணாடித் தூணிலிருந்து தொடங்கிப் பின்விளக்கில் முடியுங்கள்.