லிஃப்டில் இறங்கிய கால்கள்

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 43. கணக்குப் பகுதியில் வேலை. நாலு வருஷமாக ஓடுகிறேன். கொழும்பில் என் முதல் முழு மரதனை 4 மணி 32 நிமிடத்தில் முடித்தேன். அந்தத் துணிவில் 2025 ஓகஸ்டில் சிட்னி மரதனுக்குப் போனேன். குலுக்கலில் இடம் கிடைத்தது, தங்குவதற்கு அங்கே என் சொந்த அக்காவின் வீடு இருந்தது.

சிட்னி மேடும் பள்ளமுமான ஊர் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். விடியற்காலையில் மரைன் டிரைவில் தனியாக ஓட வீட்டில் விருப்பமில்லை, எனக்கும் பயம்தான். அதனால் எங்கள் தொடர்மாடியிலேயே பயிற்சி எடுத்தேன். ஒன்பது மாடி. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் பத்துத் தடவை ஏறுவேன். முழங்கால் கெட்டுவிடாமல் ஒவ்வொரு தடவையும் லிஃப்டில் இறங்கி மறுபடி ஏறுவேன். ஆறு மாதம் இப்படித்தான்.

அன்று காலை நல்ல குளிர். கால் தன்பாட்டில் ஓடியது. முதல் 5 கிலோமீற்றரை 29 நிமிடத்தில் கடந்தேன். துறைமுகப் பாலத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிக்குப் பிறகு எல்லாம் குழம்பியது. ஒவ்வொரு ஏற்றத்திலும் நடந்தேன். சென்டெனியல் பூங்காவில் இறக்கத்தில்கூட நடந்தேன், தொடை கல்லாகிவிட்டது. ஆனால் மூச்சு வாங்கவே இல்லை, அதுதான் விளங்கவில்லை. முடித்தது 5 மணி 11 நிமிடத்தில். மறுநாள் அக்கா வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கினேன். அக்காவின் மகன் வீடியோ எடுத்தான்.

எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “நடந்து முடித்தால் அது மரதன் இல்லை, சுற்றுலா” என்று எழுதினார். பத்துப் பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டார்கள். பதக்கத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

கொழும்பு மாதிரித் தட்டையான ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஆசைப்பட்டது பிழையா? இன்னும் கூட ஏறிப் பழகியிருக்க வேண்டுமா?

ச., வெள்ளவத்தை

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் கேட்டதற்கான பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: “லிஃப்டில் இறங்கி.”

ஆறு மாதம் ஏறியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட இறங்கவில்லை.

ஏற்றம் உங்களை வீழ்த்தியிருந்தால் முதலில் மூச்சுத்தான் போயிருக்கும். மூச்சு வாங்கவே இல்லை என்கிறீர்கள். படிக்கட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. உங்கள் இதயமும் நுரையீரலும் ஆயத்தமாகத்தான் விமானம் ஏறின. ஆயத்தமில்லாமல் போனது முன்தொடை.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. இழுபட்டபடி பிரேக் பிடிக்கிறது. தசைக்கு இதைவிடக் கொடுமையான வேலை குறைவு. நார்களில் கண்ணுக்குத் தெரியாத சேதம் சேரும். மோசம் என்னவென்றால் அப்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் மூச்சு எளிதாக வரும், நாடித் துடிப்பு குறையும், கைக்கடிகாரம் நல்ல நல்ல எண்களாகக் காட்டும். சில மணித்தியாலத்தில் தொடை கல்லாகும். முழு வலி வர ஒன்றிரண்டு நாள் ஆகும். உங்கள் அக்காவின் மகன் வீடியோ எடுத்தது அதைத்தான்.

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு வரி, அந்த முதல் 5 கிலோமீற்றர். 4 மணி 32 நிமிட மரதன் என்றால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 27 விநாடி. சிட்னியில் 5 நிமிடம் 48 விநாடியில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த ஓட்டம் நோர்த் சிட்னியின் உயரத்தில் தொடங்கி, ஒபரா ஹவுஸ் வாசலில், கடலோரம் முடிகிறது. ஆரம்பத்திலேயே இறக்கம். கொழும்பில் காலை ஐந்து மணிக்கே உடுப்பைப் பிழியலாம். உங்களுக்கு வாய்த்ததோ குளிர்காலக் காலை, சுற்றிவர ஆயிரக்கணக்கான ஆட்கள், கால் தன்பாட்டில் போகும் வீதி. யாருக்குத்தான் ஓடத் தோன்றாது? கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அந்த 5 கிலோமீற்றரில் மிச்சம் பிடித்த மூன்று நிமிடத்தை நீங்கள் வரவில் எழுதியிருக்கிறீர்கள். அது கடன் பக்கத்தில் வரவேண்டியது.

நீங்கள் மட்டும் இதில் மாட்டவில்லை. பொஸ்டன் மரதனில் ஒரு ஏற்றத்துக்கு ‘நெஞ்சை உடைக்கும் குன்று’ என்று பெயர். 1936-இல் ஜோனி கெலி என்ற ஓட்டக்காரர் முன்னால் போன எலிசன் பிரவுனை அங்கே எட்டிப் பிடித்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டப் பார்த்தார். தட்டு வாங்கியவருக்கு ரோசம் வந்துவிட்டது. பிரவுன் ஓடிப்போய் வென்றார், கெலி ஐந்தாவதாக வந்தார். ஒரு பத்திரிகையாளர் அந்த இடத்துக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. சரி, அந்தப் பேர்போன குன்றின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 27 மீற்றர். உங்கள் ஒன்பது மாடிதான்! நீங்கள் பின்னேரத்தில் பத்துத் தடவை ஏறுகிற உயரத்தில் உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்கள் ஏன் விழுகிறார்கள்? அது 32-ஆவது கிலோமீற்றருக்குப் பிறகு வருகிறது என்பது ஒரு காரணம். அதற்கு முன்னால் வருகிறவை முக்கால்வாசி இறக்கம் என்பது மற்றக் காரணம். குன்றின் அடிவாரத்துக்கு வரும்போதே முன்தொடை செத்துப்போயிருக்கும். பழி மட்டும் குன்றுக்கு.

சட்டப் புத்தகமும் இறக்கத்தை உதவி என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. தொடக்கத்தைவிட முடிவு 42 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தால் அங்கே ஓடிய நேரம் உலக சாதனையாகாது. பொஸ்டன் ஏறத்தாழ 140 மீற்றர் தாழ்கிறது. தொடக்கமும் முடிவும் நெடுந்தூரம் தள்ளியிருப்பது வேறு. அதனால்தான் 2011-இல் ஜெஃப்ரி முத்தாய் அங்கே ஓடிய 2:03:02 அன்றைய உலக சாதனையைவிட வேகமாக இருந்தும் ஏற்கப்படவில்லை. விதி எழுதியவர்கள் எழுதட்டும், தொடையின் கணக்கு வேறு. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தியை அளந்து பார்த்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு சரிவில் ஏறும்போது கூடுதலாகப் போகும் சக்தி முழுவதும் அதே சரிவில் இறங்கும்போது திரும்பி வருவதில்லை. சரிவு கூடக்கூட நட்டமும் கூடுகிறது.

இனி அந்த ‘சுற்றுலா’க்காரர். நீங்கள் ஓடிய அதே காலையில், அதே வீதிகளில், பெண்கள் பிரிவில் வென்றவர் சிஃபான் ஹசன். நேரம் 2:18:22. 2023-இல் தட்டையான சிக்காகோவில் அவர் ஓடியது 2:13:44. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இன்னும் மோசம்: வெர்சாய் போய்த் திரும்பும் அந்தப் பாதையில் மொத்தம் 436 மீற்றர் ஏற்றம், தங்கம் வென்ற அவருடைய நேரம் 2:22:55. சிக்காகோவைவிட ஒன்பது நிமிடத்துக்கு மேல் கூட. அதே பாதையில் எலியுட் கிப்சோகே, இரண்டு தரம் ஒலிம்பிக் மரதன் வென்றவர், முப்பது கிலோமீற்றர் தாண்டியதும் நின்றுவிட்டார். மேடுபள்ளமான ஊரின் நேரத்தைத் தட்டையான ஊரின் நேரத்தோடு ஒப்பிடுவதே பிழை. மரதனில் நடக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அந்த மனிதர் எந்த மலையில் ஓடியவர் என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது கேட்டார்களா?

எனக்கு இதெல்லாம் முதலே தெரிந்திருக்க வேண்டும். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்குவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். மழைக் காலத்தில் அந்தப் பாதை சவர்க்காரம் மாதிரி இருக்கும். அம்மா காலை எட்டிப் போடவே மாட்டார். சின்னச் சின்ன எட்டு, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கும், பாதம் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் தடதடவென்று ஓடி இறங்கினால், “குதிக்காதடி, ஊன்டி வா. ஏறையில மூச்சுத்தான் போகும், இறங்கையில முட்டி போகும்” என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

அவருடைய மகள் நாற்பது வயதில் என்ன செய்தாள்? கொழும்பில் இரண்டு வருஷம் ஓடியிருந்த திமிரில், சிநேகிதிகளோடு கடுகண்ணாவையில் இருந்து மாவனல்லைப் பக்கம் ஒரே ஓட்டமாக இறங்கினாள். ஏறுவது கஷ்டம், இறங்குவது சும்மாதானே என்று நினைப்பு. அன்றைக்குப் பறந்தேன். மறுநாள் திங்கட்கிழமை, புறக்கோட்டையில் பஸ்ஸின் மிதிபலகையில் வலது காலை வைத்ததும் தொடை தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் வரிசை. கொண்டக்டர் “இக்மனட்ட பஹின்ன”, கெதியாக இறங்குங்கள், என்று தட்டினார். கடைசியில் ஏணியில் இறங்குகிற மாதிரி முகத்தைப் பஸ்ஸுக்குள் வைத்து, பின்பக்கமாக இறங்கினேன். ஒரு பாடசாலைப் பிள்ளை என் கைப்பையை வாங்கிப் பிடித்தது. அதனால் உங்கள் வீடியோவைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் இதற்குள் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தசை ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிவிட்டால், அடுத்த தடவை அதே இறக்கத்தில் அவ்வளவு சேதப்படாது. அந்தப் பாதுகாப்பு சில கிழமைகள் நிற்கும். சிவனொளிபாதமலைக்கு வருஷா வருஷம் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கு மேல் படி. முதல் தடவை போனவர் இறங்கி வந்து மூன்று நாள் சுவரைப் பிடித்து நடப்பார். அடுத்த கிழமையே இன்னொரு கூட்டத்தோடு மறுபடி போகச் சொல்லுங்கள், ஒரு நாளில் எழும்பிவிடுவார்.

ஆகவே லிஃப்டை விடுங்கள், ஒரேயடியாக அல்ல. பத்துத் தடவை ஏறினால் இரண்டு தடவை மட்டும் படியால் இறங்குங்கள், மற்ற எட்டுக்கும் லிஃப்ட். இரண்டு கிழமை கழித்து நாலு. பிறகு ஆறு. இறங்கும்போது படிக்கட்டில் ஓடவேண்டாம், கைப்பிடிப் பக்கமாக நடந்தால் போதும். அம்மா சொன்னது மாதிரி ஊன்றி. பின்னால் சாய்ந்து குதிக்காலில் குத்தி இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும். தொடை நொந்தால் பயப்படாதீர்கள். மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஓட்டத்துக்கு முன் கடைசி இரண்டு கிழமை பெரிய இறக்கம் எதுவும் கூடாது.

கொழும்பு தட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகும் உங்கள் ஒழுங்கைகளிலேயே சின்னச் சரிவு இருக்கிறது. ஓடி ஏறி, மெதுவாக ஓடி இறங்க நூறு மீற்றர் போதும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் மேடுகள் உண்டு. என் வீடு அங்கேதான், ஓட்டோக்காரர்கள் கியர் மாற்றுகிற சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. கல்கிசையில் கடலோரப் பாறை மேட்டுக்கு ஏறி இறங்கும் வீதிகள் இன்னும் நல்லவை.

தனியாக இருட்டில் ஓடப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயிற்சி முழுவதும் படிக்கட்டுக்குள் அடைபட்டதற்கு அதுதான் மூல காரணம் என்று எனக்குப் படுகிறது, முழங்கால் அல்ல. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். எனக்கும் இருந்தது, இப்போதும் தனியாகப் போனால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பெண்கள் காலிமுகத்திடலில் 4:30-க்குத் தொடங்கி மரைன் டிரைவ் வழியாகக் கல்கிசைக்குப் போகிறோம். வேகம் பெரிதாக இல்லை. எங்களில் மூத்தவருக்கு 63 வயது, பாதி வழி கதைத்துக்கொண்டே வருவார். வெள்ளவத்தையை 5:15 அளவில் தாண்டுவோம். எந்த ஒழுங்கை முனை என்று தனியாக எழுதுங்கள், அங்கே நின்று கூட்டிக்கொண்டு போகிறோம். ஒரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள். திரும்பி வரும்போது பஸ், கையில் சில்லறையும் இருக்கட்டும்.