ஏற்காட்டுக் களப்பணிக்கு 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' உதவுமா?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர் ஒருவரின் கேள்வி இது. நன்றாகவே உதவும். இனம், பாலினம், வர்க்கம் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே ஆள் மீது விழுவதைச் சொல்லும் சொல் அது.

ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில், 1976-ல் அமெரிக்க கோர்ட் சொன்னது: இனப் பாகுபாடா, பாலினப் பாகுபாடா, தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள். இந்த ஓட்டையைக் காட்டித்தான் 1989-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் மலையாளிப் பழங்குடிப் பெண் (கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள்) களப்பணிக்காக நாம் பகல் பதினொரு மணிக்கு வைக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவார்? வந்தால் அன்றைய கூலி போச்சு. நாம் நோட்டில் 'ஆர்வமில்லை' என்று எழுதிவிடுவோம். சேலத்திலிருந்து பைக்கில் போகிறவருக்கு வசதியான நேரம் அது. நீங்கள் கவனிக்காமலே அனுபவிக்கும் சலுகை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. குற்ற உணர்ச்சியைப் பக்கம் பக்கமாக ரிப்போர்ட்டில் கொட்டுவதைவிட, கூட்டத்தை எப்போது வைக்கலாம் என்று அவரிடமே கேட்பது மேல்.