அம்மாவைப் பார்ப்பது நான் ஒருத்திதான்; அண்ணன்மாரைச் சட்டம் கேட்காதா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 47, கல்யாணம் ஆகவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள பிறை வட்டாரத்தில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டேன். அப்பா இல்லை. ஓர் அண்ணன் கோலாலம்பூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். செலவுக்குக் கேட்டால், "வாடகை இல்லாமல் அம்மா வீட்டில்தானே இருக்கிறாய்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? அம்மாவுக்குப் பிறகு என் கதி என்ன?

பதில்: வழக்குப் போட வழியில்லை, சகோதரி. பெற்றோருக்குப் பிள்ளைகள் செலவுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம், நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கிடையாது. சிங்கப்பூரில் 1995-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அது அங்கே வாழும் பெற்றோருக்கு. கல்யாணமாகாத மகள்தானே, பார்த்துக்கொள்வாள் என்று குடும்பம் கைகழுவும்போது, நாடும் சேர்ந்து கைகழுவுகிறது. இது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமானால், 1958 சொத்துப் பகிர்வுச் சட்டப்படி வீடு மூவருக்கும் சமபங்கு. நீங்கள் துணி மாற்றிய, தூக்கி உட்காரவைத்த வருடங்களுக்கு அதில் கணக்கே இல்லை. நினைவு தெளிவாக இருந்தால், வீட்டை யாருக்கு விடுவது என்பதை அவர் விருப்பப்படி இப்போதே உயிலில் எழுதட்டும். லாயர் அம்மாவுக்கென்று தனியாக இருக்கவேண்டும். அவர் வீட்டுக்கு வந்து பேசும்போது நீங்கள் அறையில் இருக்காதீர்கள். சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள், போட்டால் உங்களுக்கு எழுதியது செல்லாமல் போகும். கை வராவிட்டால் பெருவிரல் ரேகை போதும். அம்மா புரிந்து பேசுகிறார் என்று அதே தேதியில் டாக்டரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். "நீதான் மிரட்டி எழுதவைத்தாய்" என்று பின்னால் அண்ணன்மார் கிளம்பினால் இவைதான் உங்களைக் காப்பாற்றும்.

இப்போதே வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றலாம்தான். தாய் பிள்ளைக்குக் கொடுத்தால் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) முத்திரை வரி இல்லை. ஆனாலும் உயிரோடு இருக்கும்வரை வீடு அம்மா பெயரில் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

உயில் இல்லாமலே போனாலும் 1971 குடும்பப் பராமரிப்பு வாரிசுச் சட்டம் கல்யாணமாகாத மகளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சொத்திலிருந்து ஜீவனத்துக்குப் பணம் கேட்டு உயர்நீதிமன்றம் போகலாம். சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு கிடைத்த 6 மாதத்துக்குள் மனு போட்டாகவேண்டும்.

கோலாலம்பூர் அண்ணனிடம் வேறு விதமாகப் பேசிப் பாருங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருடம் 8,000 வெள்ளி வரை அவர் வருமான வரியில் கழிவு கேட்கலாம். டாக்டர் சான்றிதழும் ரசீதும் வேண்டும். சிகிச்சை பில்லை அவரே கட்டட்டும். யார் மாதம் எவ்வளவு தருவது என்பதை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். நீங்கள் உழைப்பைத் தருகிறீர்கள், அவர்கள் பணம் தருகிறார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று அதிலேயே எழுதினால் அது வெறும் வாய்ப்பேச்சாகப் போகாது.

படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் உதவித்தொகைக்கு உங்கள் மாவட்ட சமூகநல இலாகாவில் மனுச் செய்யுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். லாயருக்குக் கொடுக்கக் கையில் பணமில்லையென்றால் சட்ட உதவி இலாகாவில் கேளுங்கள். போகும்போது வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) நகல், அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் மருத்துவ அறிக்கை மூன்றையும் கொண்டுபோங்கள்.